உப்புப் பார்க்காத நாக்கு

திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் காலமெல்லாம் கரண்டி பிடித்தவர் ஷண்முகசுந்தரம். நைவேத்தியம் ஆகும் முன் சமைக்கிறவர் ருசி பார்க்கக் கூடாது, உப்பெல்லாம் கைக்கணக்குதான். ஆன பிறகாவது ஒரு வாய் பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை. பிரசாதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, மனைவி லலிதாம்பாள் போட்ட ஆவக்காயோடு தயிர்சாதம் சிவக்கச் சிவக்கப் பிசைந்துதான் சாப்பிடுவார். மனுஷனுக்கு அப்படியொரு பித்து.

லலிதாம்பாளுக்கும் அதில் கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. "என் ஊறுகா இல்லாட்டா சாமி பிரசாதம்கூட அவருக்கு எறங்காது" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொள்வாள்.

போன வருஷம் அவருக்குப் பசி குறைந்தது. நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்றார், எரிகிறது என்றார்.

"உச்சிகாலம் முடியறவரைக்கும் பட்டினி கெடந்தா எரியாம என்ன பண்ணும்?" என்று அவளே வைத்தியம் சொன்னாள். நாக்குக்குச் சுருக்கென்று இருந்தால் சாதம் இறங்கும் என்று இன்னொரு துண்டு ஆவக்காய் வைத்தாள். ஆடிக் கிருத்திகைக்குள் அவருக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அப்புறம்தான் சென்னைக்கு ஓடினார்கள்.

இரைப்பையில் புற்றுநோய். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "வருஷக்கணக்கா உப்பும் ஊறுகாயும் அதிகமா சாப்பிட்டா இந்த அபாயம் கூடும்மா. அதனாலதான் வந்ததுன்னு சொல்ல முடியாது. வயித்துல ஒரு கிருமி இருந்தாலும் வரும். பசி கொறைஞ்சப்பவே வந்திருக்கலாம்."

லலிதாம்பாள் காதில் ஊறுகாய் மட்டும்தான் விழுந்தது.

இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அழுதாள். "என் கையாலயே போட்டுப் போட்டு ஒங்க வயித்தக் கெடுத்துட்டேனே."

"கேட்டு வாங்கித் தின்னது நான்தானே, லலிதா. விடு."

அவளால் விட முடியவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள், இப்போது அப்பாவின் இடத்தில் சமைக்கும் மகன் ஸ்கந்தகுமார் கோயில் தயிர்சாதம் கொண்டுவந்தான். லலிதாம்பாள் அதைக் கூழாகக் கரைத்து ஸ்பூனால் ஊட்டினாள். வேறெதுவும் தொட்டுக்கொள்ள இல்லை. ஷண்முகசுந்தரம் வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் விழுங்காமல் இருந்தார்.

"உப்பு சரியா இருக்கு. இவ்வளவு நாளா நான் பண்ணினதும் இப்படித்தான் இருந்துதா?"

"எனக்கென்ன தெரியும்? நானும் ஊறுகாயோடதானே தின்னேன்" என்றாள்.

மூன்றாவது ஸ்பூனை அவர் கையால் தடுத்தார். வயிறு நிறைந்துவிட்டது.

"இன்னும் சாப்பிடணும்போல இருக்கு" என்றார்.