டர்ர் சறுக்கு

வெல்டருக்குத் தன் அண்ணிமேல் ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. பூங்காவின் சறுக்குமரத்தை வளைத்து, பற்றவைத்து, பிள்ளைகளின் தொடையில் ஒரு கீறல் விழாதபடி கை ஓயத் தேய்த்தவர் அவர். ஒருத்தராவது "நல்ல சறுக்கு" என்று சொல்ல வேண்டுமே! குடியிருப்பு முழுக்க அதற்கு ஒரே பெயர், "டர்ர் சறுக்கு". உழைப்பு இவருடையது, பேர் அண்ணியுடையது.

அண்ணி ஸ்பீக்கர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். விளையாட்டுத் திடலுக்குச் சத்தம் வைக்கும் வேலையைக் குடியிருப்போர் சங்கம் அவரிடம் கொடுத்தது. படியில் கால் வைத்தால் தவளை கத்தும். தொங்குபாலத்தில் ஓடினால் மேளம் கொட்டும். எல்லாருக்கும் திருப்தி. வம்பு வந்தது சறுக்கின் அடியில்தான். வெல்டர் அதைக் கொஞ்சம் செங்குத்தாகவே செய்துவிட்டிருந்தார். சின்னப் பிள்ளைகள் மேலே ஏறி, கீழே பார்த்து, கம்பியைக் கட்டிக்கொண்டு அழும். அண்ணி அதை ஒருநாள் நின்று பார்த்தார். மறுநாள் கீழே கிடந்த ரப்பர் விரிப்புக்கு அடியில் ஒரு சுவிட்ச். பிள்ளை வந்து விழுந்த மாத்திரத்தில், வயிறு கெட்டவர் யாரோ விட்டது போல, "டர்ர்ர்ர்!" அழுத பிள்ளைகளெல்லாம் நான் நீ என்று அடித்துக்கொண்டு இறங்கின.

சங்கச் செயலாளர் மூக்கைச் சுளித்தார். "கண்ணியமான மனுஷங்க இருக்கற இடம்மா இது. குயில் சத்தம் வைங்க."

"குயிலுக்காக எந்தப் புள்ள சார் அவ்வளவு உசரத்துலேர்ந்து இறங்கும்?"

"மாத்துவீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டேன்."

ஒயரை வெட்டிவிட்டார்கள்.

அன்று மாலை அண்ணி ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து சறுக்கின் அடியில் போட்டு உட்கார்ந்தார். மேலே ஒரு சிறுமி கம்பியை விடாமல் நின்றாள். "வா கண்ணு, நான் இருக்கேன்." அவள் இறங்கியதுதான் தாமதம், அண்ணி முழங்கை மடிப்பில் வாயை வைத்து ஊதினார். ஸ்பீக்கர் பெட்டியில் வந்ததைவிடப் பெரிய டர்ர். பெட்டிக்குள் பதிந்திருந்ததும் அவர் வாய்ச் சத்தம்தான் என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

செயலாளர் ஓடி வந்தார். "என்னம்மா அசிங்கம் இது?"

"நான் கரண்டுல ஓடல சார். எந்த ஒயர வெட்டுவீங்க?"

அதன்பின் தினமும் கடையை அடைத்ததும் ஸ்டூலோடு போய்விடுவார். மழை வந்தால் குடை. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம் என்று சங்கம் சமாதானத்துக்கு வந்தபோது, "குறைச்சா அதுக்குப் பேரு இருமல்" என்று திருப்பி அனுப்பினார். வெல்டர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. "மானத்த வாங்குறாங்க" என்று பட்டறையில் புலம்புவார். ஆனால் வேறு யாராவது கூடச் சேர்ந்து புலம்பினால் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு முறைப்பார்.

அப்படிப்பட்ட அண்ணிக்குத் திடீரென்று ஒரு பக்க முகம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாய் கோணிக் கிடந்த அண்ணி, வெல்டரைப் பார்த்ததும் முழங்கையை உதட்டில் வைத்து ஊதிக் காட்டினார். புஸ்ஸென்று காற்றுதான் போனது.

"பார்த்தியா கொழுந்தனாரே, ஓரமா ஒழுகிடுது. நேத்து அந்த எடம் காலி. செயலாளர் நல்லாத் தூங்கியிருப்பாரு. இன்னிக்குத் தூங்கக் கூடாது. ஸ்டூல் கடையில இருக்கு, நீ போய் உக்காரு."

"நானா? என்னப் பார்த்தாலே புள்ளைங்க அழும் அண்ணி."

"மூஞ்சியக் கையிலதானே புதைக்கப் போற? யாருக்குத் தெரியும்?"

வெல்டர் திரும்பிப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலருகே நர்ஸ் நின்றிருந்தார்.

"எங்க, ஒரு தடவ ஊதிக் காட்டு," என்றார் அண்ணி. "மெதுவா இல்ல."