காலியாக வரவேண்டிய கப்பல்

இங்கிலாந்தின் துறைமுக ஊரான பிளிமத்தில் என் பக்கத்து வீட்டுக்காரி வில்மோட். ஸ்பெயின்காரன் கப்பலைக் கொள்ளையடிக்கச் சொல்லி அரசாங்கமே சீட்டு எழுதிக் கொடுத்து அவள் புருஷனை அனுப்பியது. அவன் போன பிறகு ராஜா ஸ்பெயினோடு சமாதானமாகிவிட்டார். இனிமேல் கொள்ளையடித்தால் தூக்கு. ராஜாவுக்கென்ன, கையெழுத்துப் போட்டுவிட்டு விருந்துக்குப் போய்விட்டார். நடுக்கடலில் இருப்பவனுக்கு யார் போய்ச் சொல்வது?

கப்பல் காலியாக வரவேண்டும் என்று ஐந்து மாதமாகத் தினமும் கரையில் நின்று வேண்டிக்கொண்டாள் வில்மோட். இன்று காலை அது வந்தது, பாதி உடம்பு தண்ணீரில் அமுங்கி.

"ஏங்க்கா, இவ்ளோ அமுங்கி வருது?" என்றாள்.

"தண்ணிப் பீப்பாயா இருக்கும்டி" என்றேன். ஊர் திரும்பும் கப்பலில் அவ்வளவு தண்ணீர் ஏது?

மேல்தளத்தில் நின்ற அவள் புருஷன் எங்களைப் பார்த்துவிட்டான். தொப்பியைச் சுழற்றிச் சுழற்றி ஆடினான்.