நம்பர் கேட்ட கட்டம்

காலுக்கடியில் சில்லென்ற சிமெண்டுத் தரை… ராபர்ட்சன்பேட்டையில் அந்த பிரவுசிங் சென்டருக்குள் செருப்போடு போகக்கூடாது. தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடுமாம். முப்பது வருஷம் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் இறங்கி மைன்ஸ் தூசியைச் சுவாசித்த அப்பாவிடம் இதைச் சொன்னேன். "மெஷினுக்குக் குடுக்கற மரியாதைய பாரு" என்றார்.

மைன்ஸ் மூடிய புதிது. நான் எம்.சி.ஏ. முடித்து பெங்களூரில் வேலையில் இருந்தேன். சனி, ஞாயிறு வீட்டுக்கு வருவேன். ஒவ்வொரு வாரமும் மைன்ஸ்காரர்கள் குடியிருந்த எங்கள் லைனில் இன்னொரு கதவு பூட்டியிருக்கும். ஓசூர், ஆம்பூர், சென்னை… யார் எங்கே போனார்கள் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

அதற்காகத்தான் அந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒரு வெப்சைட் செய்தேன். பெயர், எந்த மைன், இப்போது எந்த ஊர், நம்பர். நான்கு கட்டம். நிரப்பி அனுப்பினால் பட்டியலில் சேர்ந்துவிடும்.

ஊருக்காகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஒரே ஒருவருக்காக. அசோகன் மாமா. நந்திதுர்க் மைனில் அப்பாவோடு ஒரே கேஜில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். ஒரு ஏர் பிளாஸ்டில் பாறை வெடித்துச் சரிந்தபோது அப்பாவை இழுத்து வெளியே போட்டவர். மைன்ஸ் மூடும்போது கம்பெனி தரும் பணத்தை வாங்கிக்கொண்டு விலகுவதாகக் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று இருவருக்கும் தகராறு. அப்பா போட்டார். மாமா போடவில்லை. பேச்சு நின்றது, பிறகு அவர் வீடும் பூட்டிக் கிடந்தது.

அப்பாவின் நுரையீரலைப் பற்றி டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அதிக நாள் இல்லை என்று.

சர்வர் என்று தனியாக வாங்க வசதி ஏது? ஷேர்டு ஹோஸ்டிங்தான். எங்கள் லைன் வீடுகள் மாதிரி, பொதுச் சுவர், பொதுக் குழாய். நாமே எழுதிய ஸ்கிரிப்ட் ஓடவேண்டுமானால் சிஜிஐ-பின் என்ற ஃபோல்டரில் போட்டு, பெர்மிஷனை 755 என்று மாற்றி, பெர்ல் எங்கே இருக்கிறது என்று முதல் வரியில் எழுதவேண்டும். எல்லாம் செய்தேன். வந்தது, இன்டர்னல் சர்வர் எர்ரர்.

மூன்று வாரம் அதே பதில்.

"இன்னாமா, உன் மெஷினு இன்னிக்கும் ஷிஃப்டுக்கு வரலியா?" என்பார் அப்பா.

விண்டோஸில் எழுதிய ஃபைலில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் காரணம். டெக்ஸ்ட் மோடில் மறுபடி ஏற்றினேன். ஓடியது.

பேர்கள் வந்தன. ஒன்றிரண்டாக. எல்லாம் என் வயதுப் பிள்ளைகள்.

"லிஸ்ட்ல புச்சா யாருமா?" வாராவாரம் கேட்பார். அசோகன் என்ற பேரை மட்டும் சொல்லமாட்டார். ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கிய ஆறாவது வாரம் நானே சொன்னேன், "மைன்ஸ்ல இருந்தவங்க யாரும் இன்டர்நெட்டுக்கு வரமாட்டாங்கப்பா." தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் ஹோஸ்டிங் கம்பெனியிலிருந்து ஒரு மெயில். இடம் நிரம்பிவிட்டது, வேண்டாததை அழிக்கவும். என் ஸ்கிரிப்ட் தள்ளுபடி செய்ததையெல்லாம் ஒரு லாக் ஃபைலில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. அழிப்பதற்காகத்தான் திறந்தேன்.

பேருக்கு மேல் பேர்… எல்லாவற்றுக்கும் ஒரே காரணம். இன்வேலிட் நம்பர்.

நம்பர் என்று நான் கேட்டது டெலிபோன் நம்பர். ஆறு இலக்கத்துக்குக் குறைந்தால் தள்ளிவிடு என்று எழுதியிருந்தேன். எங்கள் ஊரில் ஒரு மனிதரிடம் நம்பர் என்று கேட்டால் அவர் சொல்வது டோக்கன் நம்பரை. கீழே இறங்கும்முன் கொடுத்து, மேலே வந்ததும் வாங்கிக்கொள்ளும் டோக்கன். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றவே இல்லை.

நடுவில் அசோகன், நந்திதுர்க், ஆம்பூர். நம்பர் 4127. அது தள்ளுபடி. அடுத்த வரியில் 04127. அதுவும் தள்ளுபடி. மூன்றாவது முறை, 4127 அண்டர்கிரவுண்ட் நைட் ஷிஃப்ட்.

ஸ்கிரிப்ட் ஓடிய முதல் வாரமே வந்திருக்கிறார்.

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா எழுந்து உட்கார்ந்தார். "நாலாயிரத்து நூத்தி இருபத்தேழு. கரெக்டாதானே போட்டுகீறான். அதுல இன்னா இன்வேலிடு?"

அன்றைக்கே அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு எல்லாப் பேர்களையும் பட்டியலில் ஏற்றினேன். அசோகன் மாமாவின் பேருக்குக் கீழே அப்பா சொல்லச் சொல்ல ஒரு வரி சேர்த்தேன். "மூச்சு சரியில்ல. வந்துட்டுப் போ."

பத்து நாளில் வந்துவிட்டார். ஆம்பூரில் அவருக்காக டைப் அடித்த மகளும் கூட வந்திருந்தாள். வாசலிலேயே நின்று சத்தம் போட்டார்.

"இன்னாடா, என் நம்பரு செல்லாதாமே? உள்ள வரலாமா, வேணாமா?"

"கம்ப்யூட்டரு சொன்னதுக்கு நான் இன்னாடா பண்ணுவேன்?"

"கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

காபியோடு நின்ற நான், "நான்தான் மாமா" என்றேன். அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகு நேரமானது. மாமா அவர் முதுகை நீவிக்கொண்டே இருந்தார். கையெழுத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு மாமா நான்கு முறை வந்தார். ஐந்தாவது முறை வந்தது காரியத்துக்கு.

இப்போது ஒரு ஃபார்ம் செய்ய ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எங்கள் லைன்காரர்கள் எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார்கள். யாரும் யாரையும் தேடவேண்டியதில்லை. அந்தக் காலம்தான் நன்றாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். இதுதான் நல்லது.

அசோகன் மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மாதம் ஒருமுறை போன் செய்கிறார். என் வேலை, என் முழங்கால் வலி, பெங்களூர் டிராஃபிக்… எல்லாம் விசாரிப்பார்.

அவர் பேர் தள்ளுபடியாகிக் கிடந்த அந்த ஆறு வாரத்தைப் பற்றி மட்டும் இன்றுவரை கேட்டதில்லை. ஒருமுறையாவது கேட்டிருக்கலாம்.