ஓநாய்க்கு ஒரு கறித்தூள் துவக்கு

எங்கள் பக்கத்துக் காட்டில் யாரோ ஓநாயைக் கண்டார்களாம். செய்தி வந்த அன்றைக்கே என் கணவர் என் சைக்கிளுக்குத் தடை போட்டார்.

டென்மார்க்கில், எஸ்பியர்க் நகருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. காலை ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும். காட்டுப் பாதையால் போனால் இருபத்தைந்து நிமிடம். வீட்டில் இவர் கூப்பிடுவார், இல்லத்தில் கிழவர்கள் மணி அடிப்பார்கள். இரண்டும் இல்லாத நேரம் என்றால் அந்த இருபத்தைந்து நிமிடம்தான். சத்தமாகப் பாடுவேன். முதல் நாள் தோற்ற சண்டையை மறுபடி தொடங்கி, தனியாளாக வெல்லுவேன். யாருக்காகவும் அதை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

"பஸ்ஸில போம்" என்றார் அவர்.

"பஸ்ஸும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். ஓநாயைச் சுட ஒரு துவக்கு வாங்கித் தாங்கோ, கொண்டுபோறன்" என்று எரிந்து விழுந்தேன்.

கோபத்தில் சொன்னதை அந்த மனிசன் உண்மையென்று எடுத்துவிட்டார். இரண்டு நாள் விசாரித்துவிட்டு முகம் சிவக்க வந்தார். துவக்கு வைத்திருக்க வகுப்புக்குப் போய்ச் சோதனை எழுத வேண்டுமாம். பாஸ் பண்ணினாலும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக முடியாதாம். ஓநாயைச் சுடவும் கூடாதாம், அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பிராணி.

"நாங்கள் விசாவுக்கு எத்தினை வருசம் அகதிக் காம்பில கிடந்தனாங்கள்? உது ஜெர்மனியில இருந்து நடந்து வந்து, ஒரு கடிதம்கூடக் குடுக்காமல் பாதுகாப்பு எடுத்திட்டுது!" என்று குசினிக்குள் நின்று கத்தினார். நான் சிரித்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்தால் வீடு முழுக்கத் தும்மல். ஓகூஸ் நகரில் படிக்கிற மகன் சின்ன வயதில் விளையாடிய பச்சை நிறத் தண்ணீர்த் துவக்கு மேசையில் கிடந்தது. பக்கத்தில் என் அக்கா யாழ்ப்பாணத்தில் வறுத்து, இடித்து, பார்சலில் அனுப்பிய கறித்தூள் பை பாதியாகக் கிடந்தது. மற்றப் பாதி தண்ணீரில் கரைந்து துவக்குக்குள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, ஓநாய்க்கு முதல் இவரைத்தான் சுட்டிருக்க வேண்டும்.

"அக்கான்ர தூளோ கிடைச்சது? கடையில மிளகாய்த்தூள் இல்லையோ?"

"கடைத்தூளில உறைப்பு இல்லையப்பா. பொலிஸ் மறிச்சாலும் பயப்பிடாதையும். கறித்தூள் எண்டு சொல்லும். சாப்பாடு கொண்டுபோறது குற்றமோ?"

துவக்கு இருந்தால் சைக்கிள், இல்லாவிட்டால் பஸ். அதுதான் ஒப்பந்தம். திங்கட்கிழமையில் இருந்து அதை முன்கூடைக்குள் வைத்துக்கொண்டு போனேன். மூடி இறுக்கமில்லை, ஒழுகியது. என் கைப்பை, மழைச்சட்டை, மத்தியானப் பாண் எல்லாம் ஆட்டிறைச்சிக் கறியாக மணத்தன. இல்லத்தில் ஒரு கிழவர் இரண்டு நாளாக என் பின்னால் மோப்பம் பிடித்துத் திரிந்தார்.

நாலாம் நாள் வியாழக்கிழமை. நல்ல பனிப்புகார். காட்டின் நடுவில், எனக்குப் பின்னால் சருகு நொறுங்குகிற சத்தம் கேட்டது. நான் நின்றேன், சத்தமும் நின்றது. மிதித்தேன், அதுவும் வந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டுத் துவக்கை எடுத்துத் திரும்பினேன். பற்றைக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ பெரிதாக அசைந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "இயேசுவே!" என்று அலறியபடி அடித்தேன்.

"ஐயோ அம்மா!" என்றது ஓநாய்.

யாழ்ப்பாணத் தமிழ் என்று மூளைக்கு எட்டுவதற்குள் இன்னும் இரண்டு தரம் அடித்துவிட்டேன்.

சாம்பல் நிற ஜாக்கெட்டோடு என் கணவர் பாதையோரக் கானுக்குள், தண்ணி ஓடுகிற பள்ளத்தில் கிடந்தார். அவருக்கு மேலே அவருடைய சைக்கிள். அவர் பின்னேர ஷிப்ட் முடித்து இரவு பிந்தி வருகிறவர். நான் வெளிக்கிடும்போது குறட்டை விட்டுக்கொண்டு கிடக்கிறவர். தூக்கி இருத்தி, தண்ணீர்ப் போத்தலால் கண்ணைக் கழுவினேன். வாய் ஓயவில்லை.

"எத்தினை நாளா உந்தக் கூத்து?"

"திங்கட்கிழமையில இருந்து."

"என்னை நம்பேல்லையோ?"

"உம்மை நம்புறன். அந்தத் துவக்கைத்தான் நம்பேல்லை" என்றார், வீங்கிய கண்ணை மூடியபடி.

"வெறுங்கையோட பின்னால வந்திருக்கிறியள். உண்மையா ஓநாய் வந்திருந்தா என்ன செய்திருப்பியள்?"

அவர் தன் பெருத்த வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"என்னைச் சாப்பிட்டு முடிக்க அதுக்கு நேரமெடுக்கும்தானே. அதுக்குள்ள நீர் வேலைக்குப் போய்ச் சேர்ந்திடுவீர்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தூள் என் கண்ணிலும் பட்டுவிட்டதாக்கும் என்று, அவர் போத்தலைத் தட்டுத்தடவி எடுத்து என்னிடம் நீட்டினார்.