மழைக்கு ஒரு சட்டம்

எங்கள் முதலாளிக்கு அடுத்தவருடைய தீப்பெட்டி ஆபீஸை வாங்குவதில் தனிப் பிரியம். தொழிற்சாலை என்றெல்லாம் கோவில்பட்டியில் யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். வாங்குவது அவர் வேலை. வாங்கியதை ஓட்டுவது மேனேஜரான என் தலைவிதி.

முதலில் கழுகுமலைப் பக்கம் ஒன்று வாங்கினோம். புரட்டாசியில் மழை விழுந்த மறுநாள் பெண்கள் ஒருவரும் வேலைக்கு வரவில்லை. கரிசலில் ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். எல்லாரும் அவரவர் காட்டில் நின்றார்கள். பழைய முதலாளி அந்த நாட்களில் கண்டுகொள்ள மாட்டாராம். எங்கள் முதலாளிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வராதவர்களுக்கு இனி வேலை இல்லை என்று கேட்டில் ஒட்டச் சொன்னார். விதைப்பு முடிந்ததும் அவர்கள் போனது எதிர்த்த ஆபீஸுக்கு. மிஷின்கள் சும்மா நின்றன.

"சரிடே, பட்டுத் தெளிஞ்சாச்சி. இனிமே நாம எந்த ஆபீஸ வாங்குனாலும் மொத மழைக்கு ஒரு வாரம் லீவு" என்றார் முதலாளி. புத்தி வந்துவிட்டது என்று நானும் நம்பினேன்.

அடுத்து வாங்கியது எப்போதும்வென்றானில். ஊர்ப் பெயரே நல்ல சகுனம் என்றார். மழை வந்தது, பெருமையாகப் பூட்டினேன். மறுநாள் காலையில் பெண்கள் குடையோடு கேட்டில் நிற்கிறார்கள் என்று வாட்ச்மேன் போன் செய்தார். ஓடினேன்.

"மழைக்கும் எங்களுக்கும் என்ன சோலி சார்? காட்டையெல்லாம் கரண்டு எடுக்குற காத்தாடிக் கம்பெனிக்குக் குடுத்தாச்சி. நீங்க பூட்டிட்டா நாங்க எதை வச்சு அடுப்பு பத்த வைக்க?" என்றார் ஒரு அக்கா.

முதலாளியிடம் சொன்னேன். "சட்டம்னா சட்டம்டே" என்றார். ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது பாதிப் பேர் வேறு இடம் பார்த்துப் போயிருந்தார்கள்.

மூன்றாவது ஆபீஸை இந்த வருஷம் ஓட்டப்பிடாரம் ரோட்டில் வாங்கினார். இதுவும் படுத்தால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்; அதை அவர் மறைக்கவும் இல்லை. புரட்டாசி பிறந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சூடு கண்ட பூனைக்காவது எந்த அடுப்பு என்று தெரியும், எனக்கு அதுவும் தெரியவில்லை.

ஒருநாள் காலையில் வானம் கருத்துக் கிடந்தது. அறைக்கும் கேட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். முதலாளி போனில் வந்தார்.

"மழை இறங்கும் போல இருக்கு. லீவா, வேலையா? இந்தத் தடவை சட்டம் என்னடே?"

"கேட்டுட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி."

முதலாளி உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

"யார்ட்டடே கேப்ப?"

கேட்டில் வேன் வந்து நின்று, பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.