பாலைவனத்தில் என் கூறைச்சேலை

2006 டிசம்பர். எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்குப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து எங்களைக் கப்பல் பயணம் அனுப்பிவைத்தார்கள். லண்டன் மனோர் பார்க்கில் இருந்து சவுத்தாம்ப்டன் போய்க் கப்பல் ஏறினோம். கேப் டவுன் போகும் வழியில் நமீபியாவில் ஒரு பகல் நின்றது. அங்கே பாலைவனம் கடல்வரைக்கும் வருகிறது. ஒரு பக்கம் அலை, மறுபக்கம் மணல் மலை.

எனக்கு ஒரு திட்டம் இருந்தது. எங்கள் கல்யாணப் படங்கள் எல்லாம் யாழ்ப்பாணத்து வீட்டோடு எரிந்துபோயின. மிஞ்சியது தாலி கட்டும்போது நான் உடுத்திருந்த சிவப்புக் கூறைச்சேலைதான். நாட்டை விட்டு ஓடி வந்தபோது அதைத்தான் பைக்குள் திணித்துக்கொண்டு வந்தேன். அதைக் கட்டிக்கொண்டு மணல்மேட்டில் ஒரு படம் எடுத்தே தீருவது என்று நின்றேன். கடற்காற்று குளிர்ந்ததால் கம்பளிச் சட்டை, காற்சட்டை, அதற்கு மேல் கூறை.

"குருவி விரட்டுற தோட்டத்து வெருளி மாதிரி இருக்கிறீர்" என்றார் கணவர். சிரித்துவிட்டு, நெற்றியில் கலைந்திருந்த பொட்டைச் சரிசெய்தும் விட்டார்.

கப்பல்காரரின் பஸ் விலை கூட என்று வாடகைக் கார் பிடித்தோம். அவர்களுடைய பஸ் பிந்தினால் கப்பல் காத்திருக்கும், நம்முடைய கார் பிந்தினால் காத்திருக்காது என்பதை யோசிக்கவில்லை. சேலை இழுபடும், மேட்டுக்குக் கிட்டப் போங்கள் என்று ஓட்டுநரை நச்சரித்ததும் நான்தான். எங்கள் வயதுக்காரர், பாவம், மறுத்துப் பார்த்துவிட்டுத் தார் ரோட்டை விட்டு இறக்கினார்.

படம் அழகாக வந்தது. திரும்பக் காரை எடுத்தால் பின் சக்கரங்கள் மணலுக்குள் இறங்கிக்கொண்டே போயின. கைப்பேசியில் சிக்னல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒருவரும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, எங்கள் பாஸ்போர்ட் இரண்டும் கப்பல் அலுவலகத்தில் இருந்தன. எத்தனையோ வருடம் அகதியாக அலைந்து, அதற்கு முந்தின வருடம்தான் கிடைத்த பாஸ்போர்ட்.

அழுதுகொண்டு நிற்க நான் தயாராக இல்லை. சாப்பாட்டுப் பெட்டியின் மூடியால் மணலைக் கிண்டத் தொடங்கினேன். மற்ற இருவரும் கைகளால் கிண்டினார்கள். கார் விரிப்புகளை ஒரு சக்கரத்துக்கு அடியில் செருகினோம். மறு சக்கரத்துக்கு ஓட்டுநர் தன் கோட்டைக் கழற்றி வைத்தார். காரை எடுத்ததும் அது கிழிந்து பின்னால் பறந்தது.

நான் சேலையை அவிழ்த்தேன். கணவர் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விசரே உமக்கு? அது கூறையெல்லோ."

"ஓம், கூறைதான். கப்பல் போச்சுதெண்டால் திரும்பவும் கையில ஒண்டுமில்லாமல் ஆருடைய நாட்டிலயோ நிக்கவேணும். இன்னொருக்கா என்னால ஏலாது. விடுங்கோ."

அவர் கையை விட்டார். தடிப்பாக மடித்துச் சக்கரத்துக்கு அடியில் நானே செருகினேன். நாங்கள் தள்ள, ஓட்டுநர் மெல்ல எடுத்தார். பட்டு கிழியும் சத்தம் கேட்டது. கார் ஒருமுறை குலுங்கி மேலே ஏறியது.

நான் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறிவிட்டேன். ஓட்டுநர்தான் இறங்கிப் போய்ச் சேலையைத் தேடி எடுத்து, மணலை உதறி, கரையோடு கரை வைத்து மடித்து, இரண்டு கையாலும் என் மடியில் வைத்தார். கோட்டுக்குப் பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

கப்பலின் ஏணிப்படியை எடுக்க ஆட்கள் வந்து நிற்கும்போது ஓடிப்போய் ஏறினோம்.

இன்று அந்தப் படம் எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. சேலை அலுமாரியில் இருக்கிறது. டயர் தடம் போகவில்லை, போக்கவும் நான் முயலவில்லை. முன்பெல்லாம் அதைத் தொட்டால் எரிந்துபோன வீடுதான் நினைவுக்கு வரும். இப்போது மனோர் பார்க்கில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பியே தீருவேன் என்று மணலைக் கிண்டிய என் கைகள்தான் நினைவுக்கு வருகின்றன.