அண்ணன் கழித்த நேரம்

ஆக்லாந்தில் நான் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவும்போதுதான் திருவனந்தபுரம் பக்கத்துக் குன்னத்துகாலில் எங்கள் வீட்டுக்கு விடிகிறது. இத்தனை வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. வீட்டார் இன்னும் கண் விழிக்காத நாளில் பாதியை நான் மட்டும் தனியாகத் தின்று தீர்த்துவிட்டது போல ஒரு மயக்கம். நான் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்தில் மார்கரெட் என்றொரு அம்மையார், உன் வீடு எவ்வளவு தூரம் என்று ஒருநாள் கேட்டார். இரண்டு விமானம், ஏறத்தாழ ஒரு முழு நாள் என்றேன். அவ்வளவுதானா, அப்படியானால் நாளைக்கே போய்விடலாமே என்று சந்தோஷப்பட்டார். அவருடைய மகன் இதே நகரத்தில்தான் இருக்கிறான். வந்து பார்த்து மாதக்கணக்காகிறது.

என் அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் எந்த நேரத்தைச் சொன்னாலும், அது நியூசிலாந்து நேரம் என்று எடுத்துக்கொண்டு, விரல் மடக்கி ஏழு மணி நேரம் போல ஊர் நேரத்துக்குக் கழித்துவிடுவார். அப்பா பக்கத்திலிருந்து கேலி செய்வார். போன மழைக்காலத்தில் அந்த அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். வெளிநாட்டுப் பிள்ளை வந்து சேரும்வரை உடலைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காத்திருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். துக்கம் கேட்க வருகிறவர்கள்கூட முதலில் விமானம் எப்போது என்றுதான் விசாரிப்பார்கள். கிடைத்த டிக்கெட்டைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிட்டு ஏறினேன். திருவனந்தபுரத்தில் மாலையில் இறங்குவேன் என்று அதில் இருந்தது. அது ஏற்கெனவே ஊர் நேரம். அண்ணன் அதையும் கழித்துவிட்டார். காலையிலேயே வந்துவிடுவேன் என்று நம்பி, மதியம் அடக்கம் என்று எங்கள் சர்ச் சபையில் அறிவித்தாயிற்று. அம்பூரியிலிருந்து அத்தைமார் ஜீப் பிடித்துப் புறப்பட்டாயிற்று.

எனக்கு ஒன்றும் தெரியாது. இரவெல்லாம் இருக்கைத் திரையில் அந்தக் குட்டி விமானம் நகராமல் நகர்ந்தது. அரைத்தூக்கத்தில் அப்பா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஊர் பஸ்ஸில் கேட்பதுபோல நெய்யாற்றின்கரை தாண்டியாச்சா என்று கேட்டுக்கொண்டே வந்தார். சிங்கப்பூரில் இறங்கி அழைத்து, மாலையில்தான் வந்து சேருவேன் என்றதும் அண்ணன் குரல் உடைந்தது.

"மக்கா, எனக்குக் கணக்கு தெற்றிப் போச்சு. இனி நாளைக்கு மாற்றி வச்சிருக்கவா, இன்றைக்கே அடக்கவா? நீ சொல்லுறதாக்கும்."

இன்னொரு நாள் கேட்டிருக்கலாம். கேட்கத்தான் வாயெடுத்தேன். அம்மா போனை வாங்கினாள்.

"அவருக்குக் குளிரு ஒட்டும் ஆகாது மக்கா. ரெண்டு நாளா அதுக்குள்ள கிடக்கியாரு."

மார்கழியில் காதுக்கு மப்ளர் கட்டாமல் படி இறங்காத மனுஷன். அடக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. நீ பைய வந்து சேரு என்றாள் அம்மா.

இரண்டாவது விமானம் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் ஊரில் மதியமானது. எங்கள் சபையில் பெட்டியைக் குழியில் இறக்கியதும் பிள்ளைகள்தான் முதலில் மண் போட வேண்டும். நான் எழுந்து நின்றேன். பணிப்பெண் விரைந்து வந்து, பெல்ட் விளக்கு இன்னும் எரிகிறது, கழிப்பறைக்கென்றால் சற்றுப் பொறுக்க முடியுமா என்று கேட்டாள். என் அப்பாவை அடக்கம் செய்கிறார்கள் என்றேன். அவள் ஒன்றும் புரியாமல் பின்னால் இருந்த இருக்கைகளைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே கடல் மட்டும் கிடந்தது. மூடியிருந்த கையை அதன் பக்கமாக நீட்டித் திறந்தேன். அப்பாவுக்குப் போட எந்த ஊர் மண்ணும் அதில் இல்லை.